கோயில் வேலைக்கு நன்றி எதற்கு?



"கோயில் வேலைக்கு நன்றி சொல்வது எதற்கு, சாமி? அவரவர் சர்வேசுரனுக்காகச் செய்கிறார்கள். பலனை அவர் கொடுப்பார். மனுஷர் புகழ்ந்தால் அந்தப் பலன் குறைந்துபோகுமே!" என்று நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. பக்தியுள்ள மனுஷர், தாமும் அநேக வருஷங்களாகச் சத்தமில்லாமல் கோயிலுக்கு உழைத்தவர். ஆனபடியால் அந்தக் கேள்வியைத் தட்டிவிடாமல் இந்த வாரம் சற்று நின்று யோசிக்கலாம்.

அவருடைய கேள்விக்கு ஆதாரமாய் நிற்பது நம் ஆண்டவருடைய போதனையே. தர்மம் செய்கிறவன் தாரை ஊதிச் செய்யலாகாது, வலக்கை செய்வதை இடக்கையும் அறியலாகாது என்று மலைப் பிரசங்கத்தில் அவர் போதித்தார். மனுஷர் மெச்ச வேண்டுமென்று செய்கிறவன் தன் கூலியை இங்கேயே வாங்கித் தீர்த்துவிட்டான் என்றும் எச்சரித்தார். இதை மறுக்க யாருக்குத் துணிவு உண்டு?

ஆனால் அந்தப் போதனை யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். கொடுக்கிறவனுக்குச் சொல்லப்பட்டது. வாங்குகிறவனுக்கு அல்ல. வைத்தியர் ஒரு நோயாளிக்கு உப்பைக் குறைக்கச் சொன்னால், அடுக்களையில் இருப்பவள் வீட்டார் எல்லாருக்கும் உப்பில்லாமல் சமைத்துவிடுவாளா? உழைக்கிறவன் தன் உழைப்பை மறைக்கக் கடவான். அது அவன் கடமை. அவனால் நன்மை பெற்றவன் அதை மறைக்கக் கடவான் என்று சுவிசேஷத்தில் எங்கும் இல்லை. பத்துக் குஷ்டரோகிகள் சொஸ்தமாகி, ஒருவன் மட்டும் திரும்பி வந்தபோது, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று கேட்டவர் யார்? இரகசியமாய்த் தர்மம் செய்யச் சொன்ன அதே ஆண்டவர்தான். வந்து நன்றி சொன்னவனோ ஓர் அந்நியன், சமாரியன்.

குருமடத்தில் நாங்கள் படித்த அர்ச். தோமாஸ் அக்வினாஸ், நன்றியறிதலை நீதி என்னும் புண்ணியத்தோடு சேர்த்து வைக்கிறார். நன்றி சொல்வது நல்ல பழக்கம், நாகரிகம் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். அவரோ அதைக் கடன் என்கிறார். தமிழிலும் நன்றிக்கடன் என்றுதானே சொல்லுகிறோம்? அந்தக் கடனில் மூன்று காரியங்கள் உண்டு. பெற்ற நன்மையை உணருவது, வாயினால் சொல்லுவது, சமயம் வாய்க்கும்போது சக்திக்குத் தக்கபடி திருப்பிச் செய்வது. நன்றிகேட்டிலும் அவ்விதமே மூன்று படிகள் உண்டு. திருப்பிச் செய்யாதது முதற்படி. சொல்லாமலும் இருந்துவிடுவது அதற்கு அடுத்தது. பெற்றோம் என்பதையே உணராமல் இருப்பது மூன்றாவது. எல்லாவற்றிலும் கொடியது அதுதான் என்கிறார் அவர்.

இந்த மூன்றாம் படியில் நிற்பது வெகு சுலபம். ஞாயிற்றுக்கிழமை முதற்பூசைக்கு மணி அடிக்கும்போது நாம் வந்து உட்காருகிறோம். கதவு திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, பீடத்துத் துணி வெளுத்து மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அந்தத் துணியைச் சனிக்கிழமை மாலை ஒரு தாய் தன் வீட்டில் கொண்டுபோய்த் துவைத்து இஸ்திரி போட்டிருக்கிறாள். ராத்திரி ஷிப்ட் முடித்து, குவார்ட்டர்ஸுக்குப் போய் முகம் கழுவி, தூங்காமல் வந்து பாடகர் குழுவில் நிற்கிற ஒருவர் இருக்கிறார்; அவருடைய கண்கள் சிவந்திருப்பதைப் பீடத்திலிருந்து பார்க்கிற எனக்குத் தெரியும், அவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரியாது. ஞானோபதேச வகுப்பில் அடங்காத இருபது பிள்ளைகளை ஒரு மணி நேரம் உட்கார வைக்கிற ஆசிரியை, வீட்டுக்குப் போய்த்தான் தன் பிள்ளைகளுக்குச் சமைக்க வேண்டும். இவர்கள் ஒருவரும் தங்களைச் சொல்லும்படி கேட்கவில்லை. கேட்காததனால்தான் நமக்குத் தெரியவில்லை.

நாம் பெயர்களை எழுதாதவர்களும் அல்ல. சுவரில் தொங்கும் கடிகாரத்தில் பெயர் உண்டு, மின்விசிறியில் பெயர் உண்டு, பெஞ்சின் முதுகில் பெயர் உண்டு. குழல் விளக்கில் 'உபயம்' எழுதினால் வெளிச்சம் பாதி அதிலேயே போய்விடும் என்று ஊரில் ஒரு பரிகாசம் சொல்லுவார்கள். கொடுத்தவர்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்தப் பெஞ்சைத் தினமும் துடைக்கிறவள் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?

உங்களுடைய தொழிற்சாலையில் இந்தக் காரியம் வேறுவிதமாய் நடக்கிறது. 1965-ல் இங்கே கொதிகலன் தொழிற்சாலை ஏற்பட்டதனால்தான் கைலாசபுரம் என்ற இந்தக் குடியிருப்பே உண்டாயிற்று. ஆகையால் இதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்களிடமிருந்து கேட்டதையே திருப்பிச் சொல்லுகிறேன். கொதிகலனுக்குள்ளே ஆயிரக்கணக்கான குழாய் இணைப்புகள். ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. தாம் வெல்டிங் செய்த இணைப்பின் அருகே அதைப் பொறிக்க வேண்டும், அல்லது எந்த இணைப்பு யாருடையது என்று பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். பெரிய கொதிகலன் ஒன்று எங்கோ ஒரு மாநிலத்தில் நின்று நீராவி கக்குகிறது. அதன் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பைச் செய்தவர் இன்னார் என்று இங்கே காகிதம் சொல்லும். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் அந்தக் குறி எதற்கு என்று விசாரித்தால், இணைப்புப் பழுதானால் யாருடையது என்று கண்டுபிடிப்பதற்கு. இருபது வருஷம் பழுதில்லாமல் நின்ற இணைப்புக்காக அந்தப் பதிவேட்டை யாரும் புரட்டுகிறதில்லை. தொழிற்சாலைக்கு அது சரி. அதன் வேலை அது. நம் கோயிலிலும் அதுதான் முறையா? கோயில்பிள்ளையின் பெயர் நமக்கு எப்போது ஞாபகம் வருகிறது? மணி பிந்திய அன்று. மைக் அலறிய அன்று. பூசைக்குத் திராட்சை ரசம் எடுத்துவைக்க மறந்த அன்று.

அர்ச். சின்னப்பர் உரோமாபுரியாருக்கு எழுதின நிருபத்தின் 16-ம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் படியுங்கள். பிரசங்கத்துக்கு அகப்படாத அதிகாரம் என்று அநேகர் தாண்டிப் போவார்கள். வெறும் பெயர்கள் என்பார்கள். வேதசாஸ்திரத்தின் ஆழமான விஷயங்களைப் பதினைந்து அதிகாரங்களில் எழுதிமுடித்த அப்போஸ்தலர், தாம் அதுவரை கால் வைத்திராத ஒரு நகரத்துச் சபையில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி விசாரிக்கிறார். அதிலும் எல்லாரையும் ஒரே வாக்கியத்தில் கூட்டிப் பெருக்கித் தள்ளவில்லை. பிரிஸ்காளும் ஆக்கில்லாவும் தமக்காகத் தங்கள் கழுத்தையே நீட்டியவர்கள் என்கிறார். கொரிந்து நகரத்தில் அவரோடு உட்கார்ந்து கூடாரம் தைத்த தொழிலாளிக் குடும்பம் அது. பெர்சீஸ் என்ற பெண் ஆண்டவருக்குள் மிகவும் பாடுபட்டவள் என்கிறார். ரூபுஸ் என்பவனுடைய தாயின் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் அவள் தமக்கும் தாயாக இருந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லுகிறார். அது என்ன உபகாரமோ! ஒரு வேளை ஒருநாள் காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்திருப்பாள். உங்களில் எத்தனை தாய்மார் எத்தனை குருக்களுக்கு அப்படிச் செய்திருக்கிறீர்கள்! கெங்கிரேயா துறைமுகத்துச் சபையின் ஊழியக்காரி பேபே என்பவளை உரோமைச் சபையார் நன்றாய் ஏற்றுக்கொண்டு, அவளுக்கு வேண்டியதைச் செய்யும்படி கேட்டுக்கொள்ளுகிறார். நிருபத்தைக் கொண்டுபோனவளும் அவளே என்று நினைக்கப்படுகிறது.

இன்னும் ஒன்று. அந்த நிருபத்தைச் சின்னப்பர் வாயினால் சொல்ல, எழுதினவர் வேறொருவர். தெர்சியுஸ் என்று பெயர். எழுதிக்கொண்டே வந்தவர் முடிவில் ஓரிடத்தில், இதை எழுதின நானும் உங்களுக்கு வாழ்த்துச் சொல்லுகிறேன் என்று தம் பெயரைப் போட்டிருக்கிறார். அப்போஸ்தலர் அதை அடிக்கவில்லை. இத்தனை நூற்றாண்டுகளாக அந்த எழுத்தருடைய பெயர் வேதாகமத்தில் நிற்கிறது. 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி எழுதிய சாசனத்தில், பொதுநிலையார் ஊழியத்துக்கு முன்மாதிரியாகச் சின்னப்பருக்கு உதவிய இந்த ஆண்களையும் பெண்களையுமே காட்டியிருக்கிறார்கள்.

தெர்சியுஸைப் படிக்கும்போது நம் தமிழ்நாட்டுக் காரியம் ஒன்று எனக்கு நினைவு வருகிறது. தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறு பக்கமுள்ள சிறு ஞானோபதேசப் புத்தகம். முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டு உழைத்த அண்டிரிக்கி அடிகளார் அதைத் தமிழில் எழுதினார். தமிழ் அச்சின் தந்தை என்று அவரைச் சொல்லுகிறோம், தகும். ஆனால் எழுத்து இல்லாமல் அச்சு ஏது? 1577-ல் கோவாவில் தமிழ் எழுத்துக்களை வார்த்தவர் ஜுவாம் கொன்சால்வஸ் என்ற சேசுசபைச் சகோதரர். தமிழ் எழுத்தின் சுழியும் வளைவும் அவருக்கு எப்படித் தெரியும்? பேரோ லூயிஸ் என்பவர் அவருக்குத் துணைநின்றார். கொல்லத்துப் பிராமண குலத்தில் பிறந்து, சேசுசபையில் சேர்ந்த முதல் இந்தியர் அவர். மொழிபெயர்ப்பில் மனுவேல் தெ சான் பேத்ரு என்ற குருவும் கூட உழைத்தார். அவர் பெயரும் புத்தகத்தின் முகப்பிலேயே இருக்கிறது. பரதவ ஜனங்கள் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். அச்சு மையைப் பூசி, தாளை அமுக்கி, ஈரம் உலர வெயிலில் விரித்தவர்களின் பெயர் ஒன்றும் நமக்கு வந்து சேரவில்லை. புத்தகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்வது நமக்குச் சௌகரியம். அண்டிரிக்கி அடிகளாரே அப்படி நிறுத்தியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

கூட உழைக்கிறவர்களை மெச்சுவதில், நமக்குப் பிடித்தவர்களை மெச்சுவது கஷ்டமல்ல. மாற்கு என்ற வாலிபன் சின்னப்பரோடு முதற்பிரயாணத்தில் புறப்பட்டு, நடுவழியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினான். அடுத்த பிரயாணத்துக்கு அவனையும் அழைத்துப்போவோம் என்று பர்னபாஸ் சொல்ல, சின்னப்பர் ஒரேயடியாய் மறுத்தார். வாக்குவாதம் முற்றி இரண்டு அப்போஸ்தலரும் பிரிந்தே போனார்கள். வேதாகமம் இதை மூடி மறைக்கவில்லை. பிற்காலத்தில், சிறையில் சாவை எதிர்நோக்கியிருந்த சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறபோது, வரும்போது மாற்குவை அழைத்து வா, ஊழியத்துக்கு அவன் எனக்குப் பிரயோசனமானவன் என்று எழுதுகிறார். நடுவே என்ன நடந்தது, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்பது எழுதப்படவில்லை. பாடகர் குழுவிலும், மரியாயின் சேனையிலும், வின்சென்ட் தே பவுல் சபையிலும் ஒருவருக்கொருவர் முகம் கொடாமல் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கிற சிலருக்கு இதைப் படிக்கும்போது யாருடைய ஞாபகம் வருமோ, எனக்குத் தெரியும்.

'முந்தின சாமி காலத்தில்' என்று தொடங்கும் பேச்சையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முந்தின சாமியைப் புகழ்ந்தால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அவர் இருந்தபோது அவரிடம் இதைச் சொன்னீர்களா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். திருவள்ளுவர் 'செய்ந்நன்றி அறிதல்' என்ற அதிகாரத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று கவனித்திருப்பீர்கள். அதற்கு முந்தினது 'இனியவை கூறல்'. பிந்தினது 'நடுவு நிலைமை'. இனிய சொல்லுக்கும் நீதிக்கும் நடுவிலே நன்றி நிற்கிறது. நாம் செய்கிற தப்பு, இனிய சொல்லோடு நின்றுவிட்டு, அடுத்த அதிகாரத்துக்குப் போகாமல் இருப்பது.

நான் உதவிக் குருவாக இருந்த ஓர் ஊரில், பெயர் வேண்டாம், முப்பது வருஷத்துக்கு மேல் கோயில்பிள்ளையாக இருந்தவருக்கு விழா எடுத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய விசுவாசம், பணிவு, காலந்தவறாமை எல்லாவற்றையும் நான்கு பேர் புகழ்ந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய வாழ்த்து மடல் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து நான் அவர் வீட்டுக்குப் போனபோது அந்த மடல் கட்டிலுக்கு அடியில் சாத்தியிருந்தது. "மாட்டவில்லையா?" என்றேன். "தட்டிச் சுவர் சாமி, ஆணி நிற்காது," என்றார். அந்த வருஷத் திருநாளின் வாணவேடிக்கைக்கு ஆன செலவு அவருடைய ஒரு வருஷச் சம்பளத்தைவிட அதிகம். முதுமைக்குச் சேமநிதி என்று ஒரு காசு பிடித்துவைத்திருக்கவில்லை. மேடையில் பேசியவர்கள் பொய் பேசவில்லை, மனதாரத்தான் பேசினார்கள். கூலி என்பது கடன்; நன்றி அதற்குமேல் வைக்கிற ஒன்று. கடனைக் கொடாமல் மேலே வைக்கிறதை மட்டும் வைத்தால், அது எதன்மேல் நிற்கும்? உழைக்கிறவன் தன் கூலிக்குப் பாத்திரவான் என்று நம் ஆண்டவர் சொன்னது, வயல் வேலைக்காரர்களைப் பற்றி அல்ல. தாம் ஊர் ஊராய் அனுப்பிய சீஷர்களைப் பற்றி.

இந்த விஷயத்தில் அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாரை விட நல்ல குரு நமக்கு இல்லை. 1542-ல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் அறிந்த உள்ளூராரைக் கூட்டிவைத்து, மிகுந்த பிரயாசையோடு செபங்களைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். ஓர் ஊரில் சில வாரம் தங்கி அடுத்த ஊருக்குப் போனார். அவர் போனபின் அந்த ஊரில் செபம் சொல்லிக்கொடுத்தது யார்? ஞாயிற்றுக்கிழமை ஜனங்களைக் கூட்டியது யார்? சாகப்போகும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்? கணக்கப்பிள்ளைகள். சவேரியார் கடற்கரை முழுதும் நடந்தார் என்று நாம் பாடுகிறோம். அவர் நடந்துபோன பிறகு அங்கேயே நின்றவர்கள் இவர்கள்.

சவேரியார் இவர்களைப் புகழ்ந்ததோடு விட்டுவிடவில்லை. முத்துக்குளிப்பு வருமானத்திலிருந்து போர்ச்சுக்கல் தேசத்து அரசி கத்தரீனாளுக்குப் பாதரட்சைச் செலவு என்று வருஷந்தோறும் 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணத்தைக் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்கு விட்டுக்கொடுக்கும்படி அரசிக்கு எழுதினார் சவேரியார். இந்தக் கடற்கரைக் குழந்தைகளுக்கு வேதம் கற்பிப்பதே, மோட்சத்துக்கு ஏறிப்போக அரசிக்கு நல்ல பாதரட்சை என்று அவர் எழுதியதாகச் சரித்திரகாரர் சொல்லுகிறார்கள். அரசியும் விட்டுக்கொடுத்தாள். ஒரு தேசத்து அரசியின் செருப்புக் காசைக் கேட்க எத்தனை துணிவு வேண்டும்! தமக்காகக் கேட்பதென்றால் சவேரியாருக்கு வாய் எழும்பியிராது.

அவரே மற்றொரு காரியமும் செய்தார். 1540-ல் உரோமையில் தம் தோழர்களை விட்டுப் பிரிந்தவர் மறுபடி அர்ச். இஞ்ஞாசியாரை இவ்வுலகில் பார்க்கவில்லை. கடிதம் வர வருஷக்கணக்கு ஆகும். 1546 மே 10-ல் மொலுக்கஸ் பகுதியில் அம்போன் தீவிலிருந்து தோழர்களுக்கு எழுதினார்: அவர்கள் தமக்கு அனுப்பிய கடிதங்களிலிருந்து, அவரவர் தங்கள் கையாலே எழுதின பெயர்களைக் கத்தரித்து எடுத்து, தம்முடைய வார்த்தைப்பாட்டுச் சீட்டோடு சேர்த்து எப்போதும் தம்மோடு வைத்திருப்பதாகவும், அதனால் தமக்குப் பெரிய ஆறுதல் உண்டென்றும். அவர் சொத்து என்று வைத்திருந்தது அவ்வளவுதான் போலும். தோழர்களின் பெயர்களை நெஞ்சோடு வைத்திருந்த அதே மனுஷர்தான் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளுகிறேன்.

நம் பங்கில் கோயில்பிள்ளை, கோயிலையும் வளாகத்தையும் கூட்டிப் பெருக்கும் அம்மாள், அலுவலகத்தில் ஞானஸ்நான, கலியாணப் பதிவேடுகளை எழுதுகிறவர் ஆகிய மூவரும் மாதச் சம்பளத்துக்கு உழைக்கிறார்கள். சம்பளத்தைப் பற்றியும் சேமநிதியைப் பற்றியும் யோசிக்க, வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு ஆலோசனைச் சபை கூடும். குடும்பத்துக்கு ஒருவராவது வாருங்கள். சம்பளக் கணக்கு நோட்டு மேசைமேல் இருக்கும். சென்ற திருநாளின் செலவுக் கணக்கும் அதன் பக்கத்திலேயே இருக்கும்.

உங்கள் பங்குக் குரு